இரண்டு முறை அரைத்த கைமா

எலும்புக் கறியில் ஏமாற்ற முடியாது. தொடையா, கழுத்தா, நெஞ்செலும்பா என்று பார்த்த உடனே தெரிந்துவிடும். கைமா அப்படி இல்லை. எதைப் போட்டு அரைத்தாலும் கைமா கைமாதான். அதனால் நான் முதலில் துண்டுக் கறியைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். ஜவ்வு, கொழுப்பை எல்லாம் எடுக்கச் சொல்லி, என் கண்ணெதிரே கத்தியால் கொத்த வைத்துத்தான் வாங்குவேன். ஆம்பூரில் எங்கள் தெருமுனையில் இருக்கும் கறிக்கடை பாய்க்கு என்னைப் பார்த்தாலே பேஜார்.

"மெஷின் இன்னாத்துக்கு வாங்கி வெச்சிருக்கேன் தங்கச்சி?" என்பார்.

"அதுக்குள்ள நேத்து அரைச்சது எவ்ளோ ஒட்டிக்கினு இருக்கோ, யாரு கண்டது?" என்பேன்.

என்னைச் சந்தேகப் பிராணி என்று வீட்டிலும் வெளியிலும் சொல்வார்கள். சொல்லட்டும். நம்பி ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்தாயிற்று.

என் வீட்டுக்காரர் ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை செய்கிறார். அவருக்குக் கறி என்றால் எலும்பு. நல்லி எலும்பை அவர் உறிஞ்சுகிற சத்தம் பக்கத்து வீடு வரை கேட்கும். கைமா, எனக்கும் எங்கள் மகளுக்கும் மட்டும்தான். "பல்லு போனவங்க துன்றது" என்று கிண்டல் செய்துவிட்டு எலும்பைக் கடிப்பார்.

அந்த மனிதர் போன மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வந்து, "நாளைக்குக் கைமா செய்யேன்" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் சந்தோஷமாகச் செய்தேன். கைமாவைக் கழுவி வடிதட்டில் போட்டு, கையால் அழுத்திப் பிழிந்துவிட வேண்டும். வெங்காயமும் தக்காளியும் வதங்கிய பிறகு கறியைப் போட்டால், ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதுவே தண்ணீர் விடும், அந்தத் தண்ணீரிலேயே வேகும். கடைசியில் பச்சைப் பட்டாணியும் புதினாவும். சுடுசோற்றில் அதைப் போட்டுப் பிசைந்து, மிளகு ரசத்தோடு சாப்பிட்டால் வேறு எதுவும் வேண்டாம். அடுத்த வாரமும் கைமா கேட்டார். தேங்காய் அரைத்துவிட்டு இட்லிக்குக் குழம்பாக வைத்தேன். அதற்கடுத்த வாரம் தோசைமேல் முட்டையோடு பரப்பிச் சுட்டேன். பதினெட்டு வருஷம் கழித்து என் சமையலுக்கு மவுசு வந்துவிட்டது என்று உள்ளுக்குள் பெருமைகூடப் பட்டேன்.

பிறகு ஒரு நாள், "காரம் கம்மியா போடு" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. இந்த ஊரில் காரம் ஜாஸ்தி கேட்கிற ஆம்பளையைத்தான் பார்த்திருக்கிறேன். பச்சை மிளகாயைச் சோற்றோடு கடித்துச் சாப்பிட்டவர் என் வீட்டுக்காரர். அவருடைய நாக்கு திடீரென்று எப்படி மாறும்? வேறு யாரோ ஒருத்தியின் கைச் சமையல் பழகினால்தான் மாறும். கம்பெனியில் யாரோ டிபன் பாக்ஸைத் திறந்து பங்கு வைக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

அன்றிலிருந்து அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நான் கொடுத்தனுப்பிய சப்பாத்தி பாதிக்குமேல் அப்படியே திரும்பி வந்தது. சாப்பிடும்போது எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு டிவி பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஒரு தட்டுச் சோற்றை அரை மணி நேரம் சாப்பிட்டார். பேச்சு குறைந்தது. சிரித்தாலும் வாயை மூடிக்கொண்டே சிரித்தார். எதையோ மறைக்கிறவன்தான் அப்படிச் சிரிப்பான். டிபன் பாக்ஸை முகர்ந்தேன். சட்டையை வெளிச்சத்தில் பிடித்து நீள முடி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன்.

இதற்கு நடுவில், "கறிக்கடைக்கு நானே போயாறேன்" என்று அவர் கிளம்ப ஆரம்பித்தது வேறு. கல்யாணமானதிலிருந்து ஒரு கட்டு கீரை வாங்கி வராதவர். அவர் வாங்கிவந்த கைமாவை வடிதட்டில் போட்டு அழுத்தினால், ஓட்டை வழியாகச் சட்னிபோல ஒழுகியது. கோபம் தலைக்கேறி, தட்டோடு கடைக்குப் போய் நின்றேன்.

"இன்னா பாய் இது? ஆம்பள வந்தா இன்னாத்த வேணா அரைச்சுக் குடுத்துடுவீங்களா?"

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "என்மேல பழி போடாத தங்கச்சி. நல்ல தொடைக்கறி அது. அண்ணன்தான் ரெண்டு வாட்டி மெஷின்ல உடச் சொன்னாரு. மையா வேணும்னாரு. வீட்ல யாராச்சும் வயசானவங்க வந்துக்கிறாங்களா?"

எங்கள் வீட்டில் வயசானவர்கள் யாரும் இல்லை. அப்படியானால் யார் வீட்டில் இருக்கிறார்கள்? வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அவளுக்கு ஒரு கிழட்டு அம்மா இருக்கிறாள், பாதிக் கறி அங்கே போகிறது என்று வீடு வந்து சேர்வதற்குள் முழுக் கதையும் என் மனதில் தயாராகிவிட்டது. அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போய்க் கறி வாங்கி, கத்தியால் கொத்த வைத்து எடுத்து வந்து கோலா உருண்டை செய்தேன். பொட்டுக்கடலை மாவு, சோம்பு, கசகசா, சின்ன வெங்காயம், வழக்கம்போலக் காரம். உருண்டையைப் பெரிதாகவே பிடித்து மொறுமொறுவென்று பொரித்தேன். மகள் தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். டிவியை நிறுத்திவிட்டு அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன்.

அவர் உருண்டையை உடைத்தார். உடைத்ததை மறுபடி உடைத்தார். பிறகு ரசத்தில் ஊற வைத்தார்.

"யாரு அவ?" என்று கேட்டேன்.

"எவ?"

"காரம் கம்மியா ஆக்கிப் போடறவ."

அவர் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தட்டிலிருந்து ஓர் உருண்டையை எடுத்தேன். "என் கையால ஒன்னு முழுசா வாயில போட்டுக்க, பாக்கலாம்" என்று நீட்டினேன். அவர் முகத்தைத் திருப்பினார். நான் விடவில்லை. தாடையைப் பிடித்துத் திருப்பி உருண்டையை வாயில் வைத்து அழுத்தினேன். அது பல்லில் இடித்து நின்றது. பிடிவாதம் என்று நினைத்து இன்னும் அழுத்தினேன். உருண்டை உடைந்து அவருடைய லுங்கியில் கொட்டியது. அப்போதுதான் அவர் கண்ணைப் பார்த்தேன். தண்ணீர் நின்றது.

"இதுக்கு மேல தொறக்க மாட்டேங்குது" என்றார்.

மறுநாளே வேலூருக்கு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா சின்னப் பெண். "மூணு விரல சேர்த்து வாய்க்குள்ள வைங்க" என்றார். இவருக்கு ஒரு விரலே சிரமப்பட்டுத்தான் போனது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, கன்னத்தின் உள்பக்கம் வெளுத்து இறுகிப் போயிருக்கிறது, காரம் பட்டால் எரிவதும் அதனால்தான், ஒரு துண்டு எடுத்துப் புற்றுநோய்க்கு டெஸ்ட் பண்ண வேண்டும் என்றார்.

"மாவா போடுவீங்களா?" என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார். பாக்கும் புகையிலையும் சுண்ணாம்பும் கலந்து பொட்டலமாகத் திருட்டுத்தனமாக விற்கிறார்களே, அது.

"முன்ன போடுவேன். பொண்ணு பொறந்தப்பவே உட்டுட்டேன்."

அவர் சட்டைப் பையின் அடியில் படிந்திருக்கும் வெள்ளைத் தூள் அந்த நொடியில் எனக்கு நினைவு வந்தது. கம்பெனித் தூசி என்று எண்ணி நானே தேய்த்துத் துவைத்த தூள். நீள முடியைத் தேடிய வெளிச்சத்தில் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

"பொய் சொல்றாரு டாக்டர்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பேன்ட் பையில் கைவிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதி காலியாகியிருந்தது.

டெஸ்ட் முடிவு வரும்வரை நான் சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று தெரியாது. இப்போதைக்குப் புற்று இல்லை என்றார்கள். தொடர்ந்து போட்டால் சொல்ல முடியாது என்றார்கள். விட்டுவிட்டேன் என்கிறார். மகள் தலையில் அடித்துச் சத்தியம்கூடச் செய்தார். நான் நம்பவில்லை. தினமும் அவர் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாயைத் திறக்கச் சொல்லி முகர்ந்து பார்க்கிறேன். சில நாள் கோபத்தில் கத்துகிறார். கத்தட்டும். இன்னொருத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று சத்தியமாகத் தோன்றுகிறது. அவள் வீட்டு வாசலில் போய் நின்று சண்டை போட்டு இவரை இழுத்துக்கொண்டு வந்திருப்பேன்.