சொல்லிவிட்டுத்தான் வந்தார்

டென்மார்க்கில் மலையேறும் கிளப்பா என்று சிரிக்காதீர்கள். எங்கள் ஊர் இக்காஸ்ட் பக்கத்தில் ஒன்று இருக்கிறது. மலைதான் இல்லை! அதனால் குளிர்காலத்தில் வார இறுதிக்கு பஸ் பிடித்து நோர்வேக்குப் போவோம்.

போவோம் என்றால், ஒரு பஸ் டேனிஷ்காரர்கள் - கூடவே நானும் என் கணவர் சிவாவும். சிவாவுக்கு அந்த கிளப் என்றால் உயிர். முதியோர் இல்லத்தில் வேலை, வீடு, கோயில் என்று ஓடிக்கொண்டிருந்தவர். வேலைக்கு வெளியே டேனிஷ்காரர்கள் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரே இடம் அது.

இந்தக் குளிர்காலத்தில் போனபோது சனிக்கிழமை ஸ்கீயிங், ஞாயிறு பனிமலை நடை. நடையில் சிவாவின் முழங்கால் கரைச்சல் தந்தது. நான் முன்னால் போய்விட்டேன். பின்தங்கிய சிவாவைப் பார்க்கத் தலைவர் ஹென்ரிக் திரும்பிப் போயிருக்கிறார். சிவா "யாய் கொம்மர்" என்று கையைக் காட்டிவிட்டு, நாங்கள் தங்கியிருந்த குடிலுக்குத் திரும்பிவிட்டார்.

யாய் கொம்மர் என்றால் 'நான் வாறன்'.

உங்களுக்கு விளங்கிவிட்டது, இல்லையா? ஹென்ரிக்குக்கு எப்படி விளங்கும்? பின்னால் வருகிறார் என்று நம்பி நடையைக் கட்டிவிட்டார். உச்சியில் பார்த்தால் ஆளைக் காணோம். மூடுபனி வேறு. போனும் எடுக்கவில்லை. "சிவா... சிவா..." என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிவிட்டது. விழுந்திருப்பாரோ என்று சரிவை எட்டி எட்டிப் பார்த்தேன்.

தேடித்தேடிக் கீழே வந்தால், மனுசன் குடிலில் இருந்து தேத்தண்ணி குடிக்கிறார்!

"உங்களுக்கு அறிவிருக்கே? செத்துப்போனியள் எண்டெல்லோ நினைச்சன்!" என்று அழுதேன்.

"ஏனப்பா கத்திறீர்? அவரிட்டச் சொல்லிப்போட்டுத்தானே வந்தனான்..."

ஹென்ரிக்குக்கு நான்தான் விளக்கினேன். புறப்படும்போது 'போறன்' என்று சொல்வது எங்களுக்கு அபசகுனம். திரும்பி வர வேண்டுமே என்று 'வாறன்' என்போம். களைப்பில் அதையே டேனிஷில் சொல்லிவிட்டார்... சிவாவும் ஒவ்வொருவரிடமாகப் போய் மன்னிப்புக் கேட்டார்.

ஹென்ரிக் கேட்ட கேள்வி இதுதான். "முப்பது வருசமாக இங்கே இருக்கிறாய். இன்னும் டேனிஷ் படிக்கவில்லையா?"

கோபம் நியாயம்தான். எல்லோரும் குளிரில் அலைந்தார்கள். ஆனால் முதல் நாள் ஒரு டேனிஷ்காரர் யாரிடமும் சொல்லாமலே வேறு சரிவில் சறுக்கப் போய், எங்களையெல்லாம் காக்க வைத்தாரே? அவருக்கு பியர் கொடுத்துச் சிரித்தார்கள். சொல்லிவிட்டு வந்தவருக்கு மட்டும் மொழிப் பரீட்சையா? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்னும் ஆறவில்லை.

பஸ் இக்காஸ்டுக்கு வந்து நின்றதும் ஹென்ரிக் சிவாவின் கையைக் குலுக்கி, "வி சேஸ்" என்றார். மீண்டும் சந்திப்போம் என்று அர்த்தம்.

"பாத்தீரே, அவர் மனசில ஒண்டும் வச்சிருக்கேல்ல" என்று சிவா சந்தோசமாக ஸ்கீ பூட்ஸைத் துடைத்து வைத்தார்.

போன சனிக்கிழமை கிளப் மறுபடியும் நோர்வேக்குப் போயிருக்கிறது. பேஸ்புக்கில் படம் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரியும். சிவா படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு போனைக் கவிழ்த்து வைத்தார்.

'வி சேஸ்' என்பதற்குச் சரியான அர்த்தம் இப்போது தெரிந்துவிட்டது... இனி எங்களுக்கு டேனிஷ் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது!