சுப்புராயனின் முன் பிரேக்

தன் பன்னிரண்டு வருஷத்துப் பைக்கை வேறு யாரும் துடைப்பது சங்கராபுரத்துச் சுப்புராயனுக்குப் பிடிக்காது. ஆயுத பூஜைக்கு அவரேதான் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்பார். இந்த வருஷம் பூஜைக்கு மறுநாளே முன் பிரேக் பிடிக்கவில்லை. கல்வராயன் மலை இறக்கத்தில் வண்டி வேலியில் மோதித்தான் நின்றது.

வீட்டிலேயே உட்கார்ந்து பிரேக் ஆயிலை மாற்றினார், பிரேக் குழாயில் இருந்த காற்றை எடுத்தார். அப்படியும் பிடிக்கவில்லை. போன மாதம் பிரேக் பேடு மாற்றிய மெக்கானிக் முருகவேல் மேல் கோபம் பாய்ந்தது. கடைக்குப் போய் நாலு பேர் முன்னால் கத்தினார்.

"டூப்ளிகேட் பேடு போட்டு என்னைச் சாவடிக்கப் பாக்குறியா?"

முருகவேல் முன் சக்கரத்தில் பேடு கவ்விப் பிடிக்கும் டிஸ்க்கை விரலால் தடவி முகர்ந்து பார்த்தான்.

"இன்னாண்ணே, தேங்கா எண்ண வாசன வருது?"

பூஜைக்குப் பளபளக்கட்டும் என்று சக்கரம் முழுக்க எண்ணெய் தடவியது சுப்புராயன்தான். டிஸ்க்கில் எண்ணெய் பட்டால் பிரேக் வழுக்கும் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"நெறைய பேரு செய்றதுதாண்ணே" என்று முருகவேல் குரலைத் தாழ்த்தினான்.

தெருவுக்கே கேட்கக் கத்திய வாயால், "தப்பு என்மேலதான்" என்று அவன் காதுக்குக் கேட்கும்படிகூடச் சுப்புராயனால் சொல்ல முடியவில்லை.