எலி கடித்த அவரை

இன்று காலை பல் துலக்குவதற்கு முன்பே பின்பக்கம் போய், அவரைக் கொடியின் அடியில் கிடந்த சருகை விலக்கிப் பார்த்தேன். தண்டு முழுசாக இருந்தது. பிறகுதான் பால் காய்ச்சினேன்.

அவரை போடும் வருடமெல்லாம் இதைச் செய்கிறேன். கையில் அந்த இலையின் பச்சை வாசனை ஒட்டிக்கொள்ளும். உடனே எனக்குப் பன்னிரண்டு வயதாகிவிடும்...

அப்போது நெய்வேலியில் சுரங்கக் கம்பெனியின் சின்னக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அடுப்படிக்குப் பின்னால், எங்கள் வேலிக்கும் சந்துச் சாக்கடைக்கும் நடுவே நாலடி அகலத்தில் ஒரு துண்டு மண். யாருக்கும் சொந்தமில்லாத இடம். அந்த வரிசையில் எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் வீட்டுக்கு நேராக இருந்ததைக் கொத்தி ஏதாவது போட்டிருந்தார்கள். குளிக்கிற தண்ணீர் போகும் வழியில் அம்மா இரண்டு வாழை வைத்திருந்தாள். தள்ளி, வெண்டை. நைட் ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, தூங்கப்போகும் முன் பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துக் கட்டிய பந்தலில் அவரை.

வீடு மாறும்போது கம்பெனி ஆட்கள் வந்து குழாய், சுவிட்ச், ஜன்னல் கொக்கி எல்லாவற்றையும் எண்ணி எழுதிக்கொள்வார்கள். கொடியை யாரும் எழுதியதில்லை. அதற்கு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. செடிகளை அப்படியே விட்டுப் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் முதல் பறிப்பை மட்டும் போட்டவர்கள் வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

கார்த்திகையில் எங்களுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் ஆர்டர் வந்தது. அவரை அப்போதுதான் கொத்துக் கொத்தாகப் பூத்து, அங்கங்கே பிஞ்சு விட்டிருந்தது.

"ஏங்க, தை பொறக்கட்டும்னு கேட்டுப் பாருங்களேன்."

"ஆபீஸ்ல போய் என்னன்னு சொல்ல? எங்க வீட்டு அவரை இன்னும் காய்க்கலைன்னா? நம்ம வேணாம்னா அடுத்த ஆள் வாங்கிட்டுப் போயிருவான்."

அம்மா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டே, "யாரோ பறிச்சுத் தின்னட்டும்" என்றாள். ஆடியில் விதை ஊன்றியதிலிருந்து குடம் குடமாக அவள் தூக்கி ஊற்றியதைப் பார்த்தவள் நான்.

கிளம்பும் காலை, சாமான்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. அப்பாவின் ஷேவிங் பிளேடை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். சருகை விலக்கி, தண்டை மண்ணோடு ஒட்டி அறுத்தேன். திரும்பச் சருகை மூடினேன். மேலே இலைகள் ஒன்றும் தெரியாதவை மாதிரி அசைந்துகொண்டிருந்தன.

நாலாம் நாள் சாயங்காலம் புது வீட்டு வாசலில் ரெஜினா அக்கா நின்றார். எங்களுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு வந்தவர். கம்மாபுரம் பக்கம் ஊர். மைன்ஸுக்கு நிலம் போன குடும்பம். கணவர் அப்போதுதான் பர்மனென்ட் ஆகியிருந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி.

"அக்கா, கோச்சிக்காதீங்க. தெனமும் தண்ணி ஊத்திகினுதான் இருந்தேன். கொடி காஞ்சிப்போச்சி. இருந்த பிஞ்ச மட்டும் பறிச்சிகினு வந்தேன். மொத பறிப்பு உங்களுக்குத்தான சேரணும்?"

"ஐயோ, நல்லாத்தானே இருந்துச்சு! பூச்சியா?"

"எலிங்கக்கா. அடித்தண்டக் கடிச்சிப் போட்டிருக்குது." சொல்லும்போது அவர் பார்வை என்மேல் இருந்தது. "சின்ன எலிதான். பசிக்குக் கடிச்ச மாதிரி தெரியல. ஏதோ கோவம்."

அம்மா சிரித்துவிட்டாள். "எலிக்கு என்ன கோவம்?"

"இருந்த எடத்த வுட்டுப் போனா எலிக்கும் கஷ்டமாத்தான இருக்கும்?"

நான் உள்ளே ஓடிவிட்டேன். அன்று இரவு அம்மா அந்தப் பிஞ்சுகளைத் தேங்காய்ப்பூ போட்டுப் பொரித்தாள். வயிற்றுவலி என்று சொல்லி நான் தொடவில்லை.

தப்பித்துவிட்டோம் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கல்யாணமாகி, இதே டவுன்ஷிப்பில் எனக்கென்று ஒரு குவார்ட்டர்ஸ் வந்து, என் கத்தரியை நிஜமாகவே ஒரு எலி கடித்துப்போட்ட நாளில்தான் புரிந்தது. எலி கடித்த தண்டு நார்நாராகப் பிய்ந்திருக்கும். பிளேடு வெட்டு அப்படியிருக்காது. வயலில் வளர்ந்த ரெஜினா அக்காவுக்கு அது தெரியாதா...

அம்மாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. ஊரிலிருந்து போன் பண்ணும்போதெல்லாம், "அவரைக்கு எலிப்பொறி வெச்சியாடி?" என்று கேட்பாள். வைத்திருக்கிறேன் என்பேன்.

எங்கள் வரிசையில் அந்த நாலடி மண் இப்போது பாதி வீடுகளில் பைக் ஷெட். சில வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. போனில் சொன்னால் காய் வாசலுக்கு வருகிறது. குறையாகச் சொல்லவில்லை, நானும் அப்படித்தான் வாங்குகிறேன். பக்கத்து வீட்டில் என்ன காய்த்திருக்கிறது என்று வேலிக்கு மேல் எட்டிப் பார்ப்பதுதான் நின்றுபோனது. முதல் பறிப்போடு யாரும் யாரையும் தேடிப் போவதுமில்லை.

போன மாதம் பண்ருட்டி பஸ்ஸில் பழைய பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரைப் பார்த்தேன். ரெஜினா அக்கா குடும்பம் ரிட்டயர்மென்டுக்குப் பிறகு திருவதிகையில் வீடு கட்டியிருக்கிறார்களாம். பின்னால் ஒரு அடி மண்கூடக் கிடையாதாம். அக்கா மாடிப்படியில் படிக்கு ஒரு பெயிண்ட் வாளி வைத்து மிளகாயும் கத்தரியும் போட்டிருக்கிறாராம். பந்தலுக்கு இடமில்லாததால் அவரை மட்டும் போடவில்லையாம்.

நேற்று என் கணவர் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை அவரைக்காய்ப் பொரியல்தான்!" என்றார். "பார்க்கலாம்" என்றேன்.

இந்த முதல் பறிப்பு எங்கள் அடுப்புக்கு வராது. ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு தூக்குச்சட்டியில் போட்டுக்கொண்டு திருவதிகைக்கு பஸ் ஏறப் போகிறேன். வீட்டில் இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

ரெஜினா அக்காவுக்கு என்னை அடையாளம் தெரியாமல் போகலாம். யாரு என்று கேட்டால், எலி வந்திருக்கேன்க்கா என்று சொல்லிக்கொள்ளலாம்.