முதலில் கோழி, பிறகு நான்

என் மகள் பொறியியல் படித்துவிட்டு, ஊர் ஊராகப் போய் ஆட்களைப் பேசவிட்டுப் பதிவு செய்கிறாள். அதற்குப் பெயர் பாட்காஸ்ட். பாளையங்கோட்டையில் சொந்தக்காரர்களிடம் இதை விளக்குவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிடும். ரேடியோவா என்பார்கள். இல்லை. டிவியா? அதுவும் இல்லை. பின்னே எதில் வரும்? போனில் வரும். யார் பேசுவார்கள்? சலூன் கடைக்காரர், டவுன் பஸ் கண்டக்டர், ஆழ்வார்குறிச்சியில் வாழைத்தார் சுமக்கிறவர். இந்த இடத்தில் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறீர்களா என்று கேட்பார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுப்பவள். எதற்கும் விடை உண்டு என்று சொல்லிப் பிழைப்பு நடத்துகிறவள். ஆனால் மகள் போனை எடுக்காவிட்டால் எனக்குக் கிடைக்கும் விடை ஒன்றுதான்: போய்ச் சேர்ந்துவிட்டாள். மழை என்றால் மின்னல், வெயில் என்றால் மயக்கம், ஸ்கூட்டர் என்றால் மணல் லாரி. கேட்டுக் கேட்டுச் சலித்த என் வீட்டுக்காரர், "இன்னைக்கு எதுல சாவுதா?" என்று விசாரித்துவிட்டுப் பேப்பரைப் புரட்டுவார்.

அந்தச் சனிக்கிழமை கடல். உவரியில் மீன் விற்கிற ஓர் அம்மாளைப் பதிவு செய்யப் போகிறேன், முடிந்தால் போட்டில் ஏறி அலைச்சத்தத்தையும் பிடித்து வருவேன் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரில் கிளம்பினாள். நீச்சல் தெரியாதவள். தாமிரபரணியில் இடுப்பளவு தண்ணீருக்கே என் முந்தானையைப் பிடித்துக்கொள்கிறவள். கூப்பிட்டேன், ஸ்விட்ச் ஆஃப். பதிவின்போது போனை அணைத்துவிடுவாள் என்பது எனக்குத் தெரியும். வயிற்றுக்குத்தான் தெரியவில்லை. கொதிக்கிற உலையை இறக்கி வைத்துவிட்டு பஸ் ஏறினேன். திசையன்விளை வருவதற்குள் மனதுக்குள் காரியம்வரை முடித்திருந்தேன், யார் யாருக்குச் சொல்லி அனுப்புவது என்பது உட்பட.

உவரியில் விசாரித்து அந்த வீட்டைக் கண்டுபிடித்தேன். வாசலில் அவள் ஸ்கூட்டர். படியில் அவள் செருப்பு. முன்னறையில் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. எல்லாருக்கும் தலை குனிந்திருந்தது. அந்த வெக்கையில் மின்விசிறிகூட ஓடவில்லை. நடுவில் இருந்த வயதான அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்து, உதட்டில் விரலை வைத்து, கண்ணை மூடிக்கொண்டார். என் மகளைக் காணவில்லை.

"எம் புள்ள எங்க?" என்றேன். மறுபடியும் கேட்டேன். ஒருத்தி சேலைத்தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

நான் அலறினேன். எங்கள் வீட்டில் சாவுக்குக்கூட அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று பார்த்து அளவாகத்தான் அழுவோம். அன்று மார்பில் அடித்துக்கொண்டேன், கொண்டை அவிழ்ந்தது, மாதா கோயில் வரைக்கும் கேட்டிருக்கும்.

பின்வாசல் கதவு திறந்தது. காதில் பெரிய ஹெட்போனும் கையில் மைக்குமாக என் மகள் நின்றாள்.

"மொதல்ல கோழி கெடுத்துச்சு. இப்ப நீயாம்மா?"

பேச்சை எடுத்து முடித்ததும் அந்த இடத்தின் வெறும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் தனியாகப் பதிவு செய்வாளாம். பேச்சை வெட்டிய இடங்களில் ஒட்டுப் போட அது வேண்டுமாம். பின்வாசல் பூவரசு மரத்தடியில் மீன்காரம்மாவின் பேச்சு முடிந்ததும் அவரையும் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தையும் முன்னறைக்கு அனுப்பி, யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் சிரித்துவிடுவோம் என்றுதான் எல்லாரும் குனிந்திருந்தார்களாம். முதல் தடவை கோழி கூவியதால் அதைக் கூடையைப் போட்டுக் கவிழ்த்திருந்தார்கள். எனக்குக் கூடை போட அவர்களுக்குத் தோன்றவில்லை.

அவள் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். பிறகு கட்டிக்கொண்டேன். பிறகு மறுபடியும் அடித்தேன்.

"அடிக்கதுன்னா வெளிய கொண்டு போயி அடிங்க டீச்சர். மைக்கு ஓடுதுல்லா" என்றார் மீன்காரம்மா, உதட்டில் விரல் வைத்த அதே அம்மாள்.

போட்டில் போனாளா என்று அவரிடம் கேட்டேன்.

"எங்க போவ? மணல்ல கெடந்த போட்டுல ஏறி உக்காந்தா. மீன் வாடை தாங்காம அதுலயே வாந்தி எடுத்துட்டா."

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, என் அழுகை நல்லாத்தான் இருந்தது என்றார். "ஆனா யாரு என்னன்னு சொல்லிட்டு அழுதிருக்கலாம்."

மூன்றாம் முறை நானும் பாயில் உட்கார்ந்து தலையைக் குனிந்தேன். கேவல் நிற்கவில்லை. மகள் வந்து பார்த்தாள். கோழிக்கூடையையும் என்னையும் சேர்த்துத் தெருக்கோடிக்கு அனுப்பிவிட்டாள். அங்கிருந்து பார்த்தால் கடல். கோழி அமைதியாக இருந்தது. நான்தான் இன்னும் கேவிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பதிவு வெளியானதும் மீன்காரம்மா போன் போட்டு, அழுகையை ஏன் வெட்டினாய், நான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேனே என்று மகளைச் சத்தம் போட்டாராம். அது அவள் லேப்டாப்பில் கோழிக்கு அடுத்ததாக இருக்கிறது. அழிக்கச் சொன்னேன். மாட்டாளாம்.

இப்போதும் படியில் அவள் செருப்பு மட்டும் கிடந்தால் உள்ளே ஓடிப் போய் அவளைத் தேடுகிறேன். அதனால் ஓர் ஏற்பாடு. போனை அணைப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு செய்தி அனுப்ப வேண்டும். 'கோழியை அடைச்சாச்சு' என்று அனுப்புகிறாள். அதைப் பார்த்ததும் நான் டிவியை நிறுத்துகிறேன், மிக்சியைப் போடுவதில்லை, குக்கரை ஏற்றுவதில்லை. அவள் கூப்பிடும்வரை வீட்டில் ஒரு சத்தமும் இருக்காது. வீட்டுக்காரர் மட்டும் வேண்டுமென்றே இருமுவார்.