ஒரு விரல் உயரம்

நூல் மாட்டிக்கொண்டது. அஃப்தாப் மெல்ல இழுத்துப் பார்த்தார். வரவில்லை. ஹெல்மெட்டின் உச்சியில் கேமராவைத் தாங்கும் மவுண்டுக்கும் ஹெல்மெட்டின் ஓட்டுக்கும் நடுவே ஓர் இடுக்கு. நைலான் நூல் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது.

"பாத்தியாம்மா?"

"எத பாக்கறது பாய்? கண்ணுல வேர்வதான் ஊத்துது. ஃபேன் போடுங்களேன்."

"ஓடாது."

ஓடும். ஆனால் கச்சேரி ரோட்டுக் கடையில் இரண்டு வருடமாக அவர் அதைப் போடுவதில்லை. சுற்றத் தொடங்கியதும் காற்று இரையும். மேலேயிருந்து விழுகிறவன் காதில் இரைகிற காற்று. மத்தியானம் சாப்பாடு கொண்டுவரும் மனைவி கமர் ஜஹான், "இது கடையா, பிரியாணி அண்டாவா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொள்வாள்.

எதிரே உட்கார்ந்திருந்த தீபிகா அடையாறிலிருந்து வந்திருந்தாள். விமானத்திலிருந்து குதிக்கிறவர்களோடு தானும் குதித்து, விழும்போதே அவர்களைப் படம்பிடிக்கும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. முந்நூறு தடவை குதித்தவள். தலையில் கேமராவோடு இதுதான் முதல் தடவை. வடக்கே ஒரு மைதானத்தில், நாளை மறுநாள். மவுண்டை ஆன்லைனில் வாங்கியிருந்தாள்.

"செம்பியன் அண்ணாவுக்கு நீங்கதானே பண்ணிக் குடுத்தீங்க? ஜம்ப் பண்றவங்க எல்லாரும் உங்க பேரத்தான் சொல்றாங்க."

அஃப்தாப் நூலை அறுத்தார்.

பதினாறு வயதில் கல்யாண வீடுகளில் லைட் பிடிக்கப் போனவர். பிறகு வீடியோ எடுத்தார், அப்புறம் கேமரா ரிப்பேர். கடற்காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சை படரும்; மயிலாப்பூர், சாந்தோம் ஸ்டூடியோக்காரர்கள் அவரிடம்தான் வருவார்கள். அப்படி வந்தவன்தான் செம்பியன். சைதாப்பேட்டையில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன், முப்பது வயதுக்குமேல் குதிக்கக் கற்றுக்கொண்டான். அவனுக்காக அலுமினியத் தகட்டை வளைத்து, ஹெல்மெட்டோடு படிந்து கிடக்கிற மவுண்ட் ஒன்றை அஃப்தாப் செய்து கொடுத்தார். ஆறு மாதம் அதோடு குதித்தான். ஒன்றும் ஆகவில்லை. பிறகு அகலமாகப் பார்க்கிற வைட் லென்ஸ் ஒன்றை வாங்கி மாட்டிக்கொண்டு வந்தான்.

"இன்னா பாய், ஹெல்மெட்டு வெளிம்பு ஃப்ரேம்ல வந்துக்கினு கீது. தாலி கட்டசொல்ல ஐயரு தல மறைக்கிற மாரி. ஒரு விரல் தூக்கி வையேன்."

அஃப்தாபுக்கும் அது உறுத்தியது. ஃப்ரேம் சுத்தமாக இருக்க வேண்டும். இருபது வருடக் கல்யாண வீடியோக்கள் கற்றுக்கொடுத்தது அதைத்தான். நான்கு வாஷர்களை அடியில் கொடுத்து மவுண்டைத் தூக்கினார். ஒரு விரல். இருவரும் திரையைப் பார்த்தார்கள். விளிம்பு போய்விட்டது. வானம் மட்டும் இருந்தது. அடியில் விழுந்த இடுக்கை இருவருமே பார்க்கவில்லை.

மூன்றாவது வாரம் செம்பியன் செத்துப்போனான். பாராசூட்டில் கோளாறு என்றார்கள். கேமராவில் இருந்த மெமரி கார்டு திறக்கவில்லை என்று அவன் மனைவி சந்திரிகா அதை அஃப்தாபிடம்தான் கொண்டுவந்தாள். அவர் திறந்தார். பாராசூட் விரிகிறது. சட்டென்று படம் ஒரு பக்கம் சாய்கிறது, யாரோ தலைமுடியைப் பிடித்து இழுத்ததுபோல. ஓரத்தில் ஒரு கயிறு விறைத்து நிற்கிறது. கையுறை போட்ட அவன் கை கயிற்றைத் தேடி வந்து லென்ஸைத் தடவுகிறது. போகிறது. மறுபடியும் வருகிறது.

"கார்டு போச்சும்மா, ஒண்ணும் தேறல" என்று சந்திரிகாவிடம் சொன்னார்.

அதற்குப் பிறகுதான், கயிறு எங்காவது மாட்டுமா என்று பார்க்கும் இந்த நூல் சோதனை. அதற்குப் பிறகுதான் அந்தக் கையும். ரிப்பேருக்கு வந்த கேமராவில் எதையாவது ஓட்டிப் பார்ப்பார். மாப்பிள்ளை சிரிப்பான், மணப்பெண் குனிவாள், ஓரத்திலிருந்து கை வரும்.

தீபிகாவின் மவுண்டைக் கழற்றிவிட்டுப் படிந்த மவுண்ட் ஒன்றைப் பொருத்தினார். அவள் கேமராவைத் தன் போனோடு இணைத்துப் பார்த்தாள்.

"ஐயோ, ஹெல்மெட் விளிம்பு தெரியுது பாய். ஒரு விரல் தூக்கி வைங்களேன்."

அஃப்தாப் நிமிர்ந்தார். பேசியது இவள்தானா என்று அவள் முகத்தையே பார்த்தார்.

"தூக்கக் கூடாது. லென்ஸ மாத்து. இவ்ளோ வைட் வேணாம்."

"வைட் இல்லன்னா தள்ளி நின்னு எடுக்கணும். கிட்டப் போனா ஆளோட மூஞ்சி வெட்டிடும்."

"தள்ளி நின்னே எடு."

"நிச்சயம் பண்ண பொண்ணுக்குச் சொல்ற மாதிரியே சொல்றீங்க." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மொத வேல பாய், அசிங்கமா இருக்கக் கூடாது. முடியாதுன்னா விடுங்க. டி.நகர்ல ஒருத்தர் இருக்கார். பத்தே நிமிஷத்துல தூக்கிக் குடுத்துடுவார்."

ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவள் போனால் போனதுதான். டி.நகர்க்காரர் தூக்கிக் கொடுப்பார். அஃப்தாப் சொல்லாதவரை செம்பியன் செத்தது பாராசூட்டால்தான்.

"உக்காரும்மா" என்றார். கம்ப்யூட்டர் திரையை அவள் பக்கம் திருப்பி, செம்பியனின் கார்டில் இருந்ததை ஓட்டினார்.

கை இரண்டாவது முறை வந்தபோது தீபிகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கயிறு எதுல மாட்டிச்சு?"

"என் மவுண்ட்ல. நான் தூக்கி வெச்ச ஒரு விரல்ல."

தீபிகா ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். "இப்படியே இருக்கட்டும். லென்ஸும் நீங்களே பாத்துக் குடுங்க."

அகலம் குறைந்த லென்ஸ் ஒன்றை மாட்டினார். விளிம்பு மறைந்தது. நான்கு பக்கமிருந்தும் நூலை இழுத்தார். எங்கும் நிற்காமல் வழுக்கிக்கொண்டு வந்தது.

வாசல்வரை போனவள் திரும்பினாள். "சந்திரிகா அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"போன மாசம் அவங்களப் பாத்தேன் பாய். அண்ணா செத்த அன்னிக்குக் காலைல போன்ல அவரோட சண்ட போட்டாங்களாம். அந்த யோசனையில பாராசூட்ட தப்பா மடிச்சுட்டார், என்னாலதான் போனார்னு சொல்லிச் சொல்லி அழறாங்க."

தீபிகா ஆட்டோ பிடித்துப் போனாள்.

மறுநாள் வியாழக்கிழமை. அஃப்தாப் கடையைத் திறக்கவில்லை. பத்தரைக்கு பஸ் ஏறி சைதாப்பேட்டையில் இறங்கினார். சந்திரிகா வீட்டில் இருந்தாள். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, அந்தப் படம் இருந்த பென்டிரைவை நீட்டினார். அவள் உட்காரச் சொல்லவில்லை. இரண்டு வருஷமா, என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றார். பென்டிரைவை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவர் ரயில்வே ஸ்டேஷன்வரை நடந்தார். மார்க்கெட்டில் நல்ல கூட்டம். மூன்று மணிக்கு தீபிகாவிடமிருந்து செய்தி வந்தது. ஹெல்மெட்டை வடக்கே போகிற விமானத்துக்குள் கையிலேயே எடுத்துப்போக விட்டார்களாம். சாயங்காலம் கமர் ஜஹான், ஏன் கடை திறக்கவில்லை என்று கேட்டாள். அவளிடமும் சொன்னார்.