கோடு போட்ட மாத்திரை

சட்டை தைக்கும் கம்பெனியில் இருபத்தாறு வருடம் பட்டன் துளைக்குக் காஜா எடுத்து, பட்டன் கட்டியவள் என்பதால் எல்லோருக்கும் அவள் காஜாக்கா. கண்ணை மூடிக்கொண்டு பட்டனைத் தொட்டாலே இது காலருக்கு, இது கைக்கு என்று விரல் சொல்லிவிடும். கடைசியில் அவளுக்காக நியாயம் கேட்டதும் அந்த விரல்தான்.

புற்றுநோய் இடுப்பெலும்புக்குப் பரவியதும் டாக்டர் வலிக்குப் பலமான மாத்திரை எழுதினார். காலை எட்டு, மாலை எட்டு. நர்ஸம்மா ஒன்றை அவள் கையில் வைத்துக் காட்டினார். "முழுசா முழுங்கணும்க்கா. உடைக்கவோ மெல்லவோ கூடாது. பன்னெண்டு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டிய மருந்து; உடைச்சா மொத்தமா எறங்கிடும், ஆபத்து. பெட்டியில பூட்டி வைங்க. குடுத்ததும் நோட்டுல டிக் போடுங்க." சாவியும் நோட்டும் தங்கச்சியிடம் போயின. கூடப்பிறந்தவளை நம்பாமல் வேறு யாரை நம்புவது?

எட்டு மணியானால் தங்கச்சி, "வாயத் தொறக்கா" என்று மாத்திரையை நாக்கில் வைத்து, தண்ணீர் கொடுத்து, டிக் போடுவாள். வலி இம்மியும் குறையவில்லை. மூன்று வாரம் காஜாக்கா தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். நேற்று டாக்டர் நோட்டைப் புரட்டினார். ஒரு வேளைகூட விடாத டிக். "இந்த அளவு பத்தல போல" என்று இரட்டிப்பாக்கிவிட்டார். அப்போதும் தங்கச்சி வாயே திறக்கவில்லை.

இன்று காலை செல்போன் அடித்தது. தங்கச்சி மாத்திரைகளை அக்காவின் உள்ளங்கையில் போட்டுவிட்டு ஓடினாள். விரல் சும்மா இருக்குமா? உருட்டிப் பார்த்தது. ஓரம் கூராக இருந்தது. நடுவில் ஒரு கோடு. நர்ஸம்மா காட்டியது வழவழவென்று, கோடே இல்லாமல் இருந்ததே!

"இது என்ன மாத்திரடி?"

தங்கச்சிக்கு முகம் வெளிறிவிட்டது. "சத்து மாத்திரக்கா."

"அப்ப அது?"

"உன் பட்டன் டப்பாவுல இருக்கு. அது போதை மருந்தாம், போற நேரத்துலதான் குடுப்பாங்களாம். பயந்துட்டேன்க்கா."

"பயம் உனக்கு, வலி எனக்கா? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேக்கக் கூடாது? நான் கத்தும்போதெல்லாம் என் காலப் புடிச்சுவிட்டியே, அப்பக்கூடவா சொல்லத் தோணல? பாவி!"

காஜாக்காவே நர்ஸம்மாவுக்குப் போன் போட்டாள். நர்ஸம்மா பதறிவிட்டார். "நல்லவேளை! புது அளவ தொட்டுடாதீங்க. உங்க உடம்புக்கு அது பழக்கமே இல்ல. மூச்சு அடங்கிப் போயிருக்கும்." டாக்டரிடம் கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்தார். முதலில் எழுதிய அளவிலேயே, ஒரே ஒரு மாத்திரை. "பக்கத்துல ஒருத்தர் இருக்கணும். தூங்கினா எழுப்பிப் பாக்கணும். எழுந்திரிக்கலைன்னா உடனே கூப்பிடுங்க. தங்கச்சிகிட்டயும் சொல்லுங்க, வலிக்கு நாங்க பாத்துக் குடுக்குறது வேற, போதைக்குத் தின்னுறது வேற."

பட்டன் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து முழுசாக விழுங்கினாள். பதினொரு மணிக்கெல்லாம் காஜாக்காவால் காலை நீட்ட முடிந்தது. அப்போதுதான் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவுதானா? இதற்காகவா இருபத்தொரு நாள்?

"கொறஞ்சிருக்காக்கா?" தங்கச்சி வாசலிலேயே நின்றாள்.

காஜாக்கா கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். நோட்டையும் வாங்கி, இன்றைய தேதிக்குத் தானே டிக் போட்டாள்.

"கண்ணு சொருகுது. நான் தூங்கினா எழுப்பிப் பாக்கணுமாம். உன்ன விட்டா எனக்கு யாரும் இல்ல. வந்து உக்காரு." சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். "ஆனா என் காலத் தொடாத."