முன் புல்லில் நின்ற பலகை

பக்கத்து வீட்டு அண்ணை காலமாகிப் பதினைந்தாம் நாள் அந்தக் கடிதம் வந்தது. அவர் மனைவி, நான் அக்கா என்று அழைப்பவர், அதைக் கையில் பிடித்தபடி என் கதவைத் தட்டினார்.

"இங்கிலீசில என்னவோ எழுதிக் கிடக்குது. ஒருக்கா வாசியுங்கோ."

வாசித்தேன். நம்ப முடியாமல் இன்னொரு தரமும் வாசித்தேன். வீட்டின் முன் புல்லில் நிற்கும் பலகை எங்கள் குடியிருப்பின் விதிக்கு முரணானதாம். ஏழு நாளுக்குள் எடுக்க வேண்டுமாம், இல்லாவிட்டால் அவர்களே ஆள் அனுப்பி எடுத்துவிடுவார்களாம். அக்காவுக்கு அதை எப்படித் தமிழில் சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

மில்லிக்கன் என்ற இந்தப் புறநகரில் எங்கள் வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியபடி நிற்பவை. சுவருக்கு உள்ளே எங்களுடையது, வெளியே இருக்கும் புல் எல்லோருக்கும் பொது. புல்லை வெட்டுவது, கூரையைத் திருத்துவது, விதி போடுவது எல்லாம் நிர்வாகக் குழுவின் வேலை. அக்காவும் அண்ணையும் மன்னார்ப் பக்கத்து ஆட்கள். நகர் நடுவே சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடி ஒன்றில் பதினேழாம் மாடியில் பல வருடம் இருந்துவிட்டு, காலில் புல் படவேண்டும் என்ற ஒரே ஆசையில் இங்கே வந்தவர்கள். அக்கா வேலை முடிந்து வரும் நேரத்துக்கு அண்ணை தேத்தண்ணிக் கோப்பையோடு அந்தப் புல்லில் நிற்பார். கார் திரும்பியதும் கையைத் தூக்குவார்.

அதே இடத்தில்தான் அக்கா பலகையை நட்டிருந்தார். அண்ணையின் படம், மேலே சின்னதாய் ஒரு சிலுவை, கீழே கண்ணீர் அஞ்சலி. அவர்கள் ஊரில் செத்த வீட்டு வாசற்படலையில் இப்படி ஒன்று வைப்பார்கள், முப்பத்தொராம் நாள் பூசை முடியும் மட்டும் அது நிற்கும். உள்ளே வைத்தால் என்ன என்று ஒருவர் கேட்டபோது அக்கா சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"உள்ளுக்குப் படமா வைச்சால் செத்துப்போனார் எண்டு ஆகிடும். அந்தப் புல்லில நிண்டால், நான் வேலையால வாறதைப் பாத்துக்கொண்டு நிக்கிறார்."

கடிதத்தைச் சொல்லி முடித்ததும் அக்கா முகம் சுருங்கிப் போயிற்று. எனக்குக் கோபம் தலைக்கேறியது. என் கோபம் ஊரறிந்தது, வாய் முந்தும், மூளை பின்னால் ஆறுதலாக வரும்.

"நாளைக்கு நான் லீவு போடுறன். ஒஃபீசுக்குப் போவம். ஆர் உந்தச் சட்டத்தைப் போட்டவை எண்டு ஒருக்காப் பாப்பம்."

நிர்வாகக் குழுவின் மனேஜர் நல்ல பெண்தான், குரல்கூட உயர்த்தாதவள். நான்தான் உயர்த்தினேன். செத்த மனிதனின் முகம் யாருக்கு என்ன இடைஞ்சல் செய்தது என்று கேட்டேன். போன தேர்தலுக்கு நட்ட பலகைகள் பனிக்குள்ளேயே மக்கிப்போய்க் கிடந்தபோது இந்த விதி எங்கே போனது என்று கேட்டேன்.

அந்தப் பலகைகளால் வந்த விதிதான் இது என்றாள் அவள். குடியிருப்பவர்களே மனுக் கொடுத்தார்களாம். ஆனால் தேர்தல் பலகைகளைத் தடுக்க நாட்டுச் சட்டம் விடாதாம். ஆகவே அவற்றைத் தவிர மற்ற எல்லாப் பலகைகளும் தடை. நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். வோட்டுக் கேட்கிறவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கலாம், அண்ணை நிற்கக்கூடாது.

"மனச்சாட்சி இல்லாத சனம். இப்பிடி ஒரு பேப்பரில கையெழுத்து வைக்க எப்பிடி மனம் வந்தது?" என்று அக்காவிடம் தமிழில் சொன்னேன். மனேஜர் அந்த மனுவை எடுத்து எங்கள் முன் வைத்தாள். வீட்டு இலக்கம், பெயர், கையெழுத்து என்று வரிசையாக இருந்தது.

ஐந்தாவது வரியில் ஒரு மஞ்சள் கறை.

அது என் கையெழுத்தில் பட்டிருந்தது. மூலை வீட்டில் இருக்கும் வேறொரு அண்ணை ஒரு சனிக்கிழமை வாசலில் வந்து நின்றதும், "தங்கச்சி, உந்த எலெக்சன் பலகையள் பெரிய கரைச்சல், உதில ஒரு கையெழுத்து வையுங்கோ" என்றதும் அப்போதுதான் நினைவு வந்தது. நான் மீனுக்கு மஞ்சள் பிரட்டிக்கொண்டிருந்தேன். கையைத் துணியில் துடைத்துவிட்டு வைத்தேன். எங்களில் ஒருவர் வாசலில் வந்து கேட்டால் வாசித்துப் பார்ப்பது மரியாதை இல்லை. எங்கள் ஆட்கள் எல்லோரும் அப்படித்தான் வைத்திருப்பார்கள்.

என்னையறியாமல் என் பெருவிரல் அந்தக் கறையின் மேல் போய் இருந்தது.

அதற்குள் அக்கா கீழே ஒரு வரியைத் தொட்டார். "இது இவற்ற கை" என்றார். உண்மைதான். அண்ணையின் கையெழுத்து, கடைசி எழுத்தின் வால் நீளமாக இழுத்திருந்தது. தன் பலகையைத் தடுக்கத் தானே கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

மனேஜருக்கும் மனம் இளகியிருக்க வேண்டும். கையெழுத்து வைத்தவர்களில் ஒருவர், ஒரே ஒருவர், தான் நினைத்தது இதையல்ல என்று எழுதித் தந்தால், அடுத்த கூட்டம் வரைக்கும் பலகையை விட்டுவைக்கலாம் என்றாள். கூட்டம் அடுத்த மாதக் கடைசியில். அதற்குள் முப்பத்தொன்று முடிந்துவிடும். அக்காவுக்கு அதைத் தமிழில் சொன்னேன். சொல்லும்போதும் விரலை எடுக்கவில்லை.

காரில் அக்கா மெல்லச் சொன்னார். "இந்த மனிசன் ஒரு நாளும் வாசிச்சுக் கையெழுத்து வைச்சதில்லை."

"ஓம் அக்கா, அண்ணை அப்பிடித்தானே" என்றேன். எப்படி வந்தது அந்த வார்த்தை என் வாயில் என்று இன்றைக்கும் திகைக்கிறேன்.

நாளைக்குப் போய் அக்காவுக்குத் தெரியாமல் எழுதிக் கொடுப்போம் என்று நினைத்தேன். மனேஜர் அக்காவிடம் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயந்தேன். அடுத்த நாள் வேலை, அதற்கடுத்த நாள் மழை. கடிதம் வந்த ஆறாம் நாள் வேலையால் வந்தபோது புல்லில் இரண்டு ஓட்டைகள் மட்டும் இருந்தன. யாரோ வந்து பிடுங்குவதைப் பார்க்கப் பிடிக்காமல் அக்காவே கழற்றி உள்ளே கொண்டுபோயிருந்தார்.

முப்பத்தொராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். தூரத்துப் பிறம்ரனில் இருந்தும் சொந்தக்காரர் வந்திருந்தார்கள். பலகை சோபாவுக்குப் பக்கத்தில் சுவரோடு சாய்ந்திருந்தது. அண்ணை தன் பலகையைத் தானே தடுத்த கதையை அக்கா சொன்னார், சனம் கண்ணீரோடு சிரித்தது. நானும் சிரித்தேன்.

பிறகு குசினியில் நாங்கள் இருவரும் தனியாக நின்றோம். அக்கா என் தட்டில் சோற்றைப் போட்டு, மீன் துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்தார். முகத்தில் கோபம் இல்லை.

"உங்கட விரலுக்குக் கீழ இருந்ததை நான் அண்டைக்கே பாத்தனான்" என்றார். "நீங்களாச் சொல்லுவியள் எண்டு பலகையைக் கழட்டுற நாள் வரைக்கும் பாத்துக்கொண்டிருந்தனான்."